நான் திறந்துவிட்ட கதவு

போன வாரம் கிளமெண்டியிலிருந்து என் தோழியின் மகள் போன் செய்தாள். பல்கலைக்கழகத்தில் பழைய பெண் எழுத்தாளர்களைப் பற்றி ஏதோ ஒப்படைப்பு எழுத வேண்டுமாம். அமலி டீச்சரின் கதை ஒன்றைத் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறாள்.

"ஆண்ட்டி, கதை பூரா செம ஸ்ட்ராங்கா வருது லா. கடைசியில மட்டும் ஏன் இப்படி சரண்டர் ஆயிட்டாங்க?"

அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். குழம்பெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி நான்கு வரிகளை எழுதியது டீச்சர் அல்ல, நான். அவளிடம் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் எனக்குச் சிங்கப்பூர்த் தேக்கா பக்கம் ஒரு தமிழ் மாத இதழில் பிழை திருத்தும் வேலை. கடைவீட்டின் மாடி. கீழே சாப்பாட்டுக் கடை, பக்கத்தில் பூக்கடை. பதினொரு மணிக்கு மீன் குழம்பு வாசனை ஏறி வந்தால் ஒற்றுப்பிழை எதுவும் என் கண்ணில் படாது. இன்றைக்கும் மீனும் மல்லிகையும் சேர்ந்து மூக்கில் பட்டால், எங்கேயோ ஒரு 'ப்' விட்டுப்போனது போலத் திடுக்கிடுகிறேன்.

டீச்சர் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கதையைக் கையில் கொடுப்பார். தொடக்கப்பள்ளி ஆசிரியை. கழுத்தில் சின்னச் சிலுவை. பெண்கள் என்றால் கோலமும் சமையல் குறிப்பும் எழுதுவார்கள் என்றிருந்த காலத்தில், ராத்திரி வாங்கிய அடியை முழுக்கை ரவிக்கையில் மறைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருகிறவளைப் பற்றி எழுதினார். ஒருமுறை பூசை முடிந்ததும் ஒருவர் அவரை மறித்து, "எங்க வீட்டு விஷயத்த ஏன் எழுதுனீங்க?" என்று சத்தம் போட்டிருக்கிறார். டீச்சர் நிதானமாக, "உங்க வீட்ல அப்படியா நடக்குது?" என்று கேட்டாராம். கேட்டவர் அதன்பின் வேறு தேவாலயத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கதைக்கு வருகிறேன். இன்னொருத்தியோடு போன கணவன் இரண்டு வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். மனைவி பார்க்கிறாள். கதவைச் சாத்துகிறாள். உள்ளே போய்ச் சோறு போட்டுச் சாப்பிடுகிறாள்.

இதழாசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "குடும்பமா படிக்கிற பத்திரிகைம்மா. அவ தொறக்கட்டும். நாலு வரி நீயே எழுதிடு. டீச்சர்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

எழுதினேன். கண்ணீர், தாலி, 'உள்ளே வாங்க' எல்லாம் அதில் இருந்தன. அழகாக வந்திருக்கிறது என்றார் ஆசிரியர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டீச்சரின் கடைசித் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டேன். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இதழ் வெளியாகி மூன்று வாரம் கழித்து டீச்சர் வந்தார். ஆசிரியர் வெளியே போயிருந்தார்.

"யாரும்மா கதவத் தொறந்தது?"

"நான்தான் டீச்சர்."

அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். வாசகர் கடிதம். இரண்டு நாள் முன்பு நானேதான் அதைப் பிரிக்காமல் அவருக்கு அனுப்பியிருந்தேன். பெயர் இல்லை, ஊர் உட்லண்ட்ஸ் என்று மட்டும் இருந்தது. 'உங்கள் கதைகளைப் படித்துத்தான் தைரியம் வந்தது. ஆறு மாதம் அவரை உள்ளே விடவில்லை. இந்த மாதக் கதையில் நீங்களே திறக்கச் சொல்லிவிட்டீர்கள். திறந்தேன். வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.'

நான் அழுதேன். டீச்சர் அழவில்லை. "நீ அழுதா அவ கை சரியாயிடுமா? மிச்ச புக்கெல்லாம் எங்க இருக்கு?"

மூலையில் இருந்த விற்காத இதழ்க் கட்டைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பிரதியிலும் அந்த நான்கு வரிகளைக் கோடு போட்டு நான் அடித்தேன். அதன் கீழே டீச்சர் தம் கையால், 'அவள் திறக்கவில்லை' என்று எழுதினார். திரும்பி வந்த ஆசிரியர் கடிதத்தைப் படித்துவிட்டுத் தம் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மறுமாதம் டீச்சர் இன்னொரு கதை கொண்டுவந்தார். கதவைத் திறந்துவிட்ட ஒருத்தி, கையில் கட்டோடு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறாள். "உட்லண்ட்ஸ்காரம்மா படிக்கணும். ஒரு புள்ளி மாறக்கூடாது," என்றார். ஆசிரியர் தாளைப் புரட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "மாத்தணும்னா நீங்களே மாத்திக்குங்க சார், நான் நாளைலேர்ந்து வரல," என்றேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான். அதையும் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். கதை அப்படியே வந்தது.

அதன்பிறகு டீச்சர் மாடிப்படி ஏறி வந்ததும் முதலில் கேட்பது, "ஏதாச்சும் வந்துச்சா?" என்றுதான். நானும் தினமும் தபால் கட்டில் கோணல் எழுத்தைத் தேடுவேன். வரவேயில்லை.

இதழ் நின்றது. ஆசிரியர் காலமானார். அந்த மாடியில் இப்போது கைப்பேசி பழுதுபார்க்கிறார்கள். டீச்சரின் இறுதிப் பூசையில் நல்ல ஆசிரியை, நல்ல தாய் என்றெல்லாம் பேசினார்கள். கதை எழுதினார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது கதை வந்த இதழைத் தேடி நூலகங்களில் கேட்டேன், பழைய வாசகர்களிடம் கேட்டேன். எங்கும் இல்லை, யாருக்கும் நினைவும் இல்லை. அந்தப் பெண் வெளியேறிப் போனதைப் படித்து நினைவில் வைத்திருப்பவள், எனக்குத் தெரிந்து, இப்போது நான் ஒருத்திதான்.