வெள்ளை நாயின் முடியும் கருநீலக் கம்பளியும்

எங்கள் ஊர் ஓவாக்காவில் நைரி கின்கெய்டைத் தெரியாதவர்கள் கிடையாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கியவள் அவள். பின்னால் எவனாவது எழுந்து நின்றால் கண்ணாடியில் பார்த்து 'உட்காரு' என்பாள், உட்கார்ந்துவிடுவான். பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு காரை மழையில் நிறுத்திவிட்டு, கராஜில் ராட்டையைப் போட்டாள்.

ஆட்டுக் கம்பளி நூற்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. நைரி நூற்றது நாய் முடி, பூனை முடி, ஒரு முறை யாரோ கொண்டுவந்த முயல் முடி. பாரில் அவளை முகத்துக்கு நேராகவே 'நாய்முடி நைரி' என்பார்கள். "உன் தாடியையும் கொண்டா, ஒரு காலுறைக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு பீரைக் குடிப்பாள்.

நான் ஐவி. இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். மத்தியானங்களில் அவளோடு உட்கார்ந்து முடியை வாரிக் கொடுப்பேன். கம்பிப் பல் வைத்த இரண்டு பலகைகள். ஒன்றில் நாய் முடியையும் சாயம் போட்ட கம்பளியையும் வைத்து, மற்றதால் இழுத்து இழுத்து வாரினால் இரண்டும் கலந்து பஞ்சு மாதிரி வரும். நாய் முடி தனியாக நூலில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். கம்பளி சேர்ந்தால்தான் பிடிப்பு.

அன்றைக்கு நாங்கள் வாரிக்கொண்டிருந்தது ரோவினாவுடைய நாயின் முடி. பாவ் என்று பெயர். தலை முதல் வால் வரை வெள்ளை. ரோவினா குளிர்காலம் முழுக்க அதை வாரிச் சேர்த்து, ஒரு தலையணை உறையில் திணித்துக் கொண்டுவந்திருந்தாள். கலப்பதற்குக் கருநீலம் வேண்டும் என்று அவளே நைரியின் சாயப் பானையில் கம்பளியை முக்கியெடுத்தாள். வடக்கிலிருந்து எங்கள் ஊர் டரிலைக் கட்டிக்கொண்டு வந்த பெண். கோடையிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். ஏன் என்று நைரி ஒரு தடவை நேராகவே கேட்டாள். "மாட்டுக்கொட்டகை வேலை, அடிபடத்தான் செய்யும்" என்றாள் ரோவினா. நைரி அதற்கு மேல் தோண்டவில்லை.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கப் புல்வெளி வழியாக ரோவினா வந்தாள். ஒரு காலில்தான் ரப்பர் பூட்ஸ். உதடு கிழிந்திருந்தது. நாய் தொப்பலாக அவள் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"டரில் கார் சாவியப் பிடுங்கிட்டான். பாவைச் சுடுறேன்னு துப்பாக்கி எடுக்கப் போனான். அப்படியே ஓடி வந்துட்டேன்."

"துப்பாக்கி இப்ப எங்க? வீட்லயா, வண்டியிலயா?" என்றாள் நைரி.

"தெரியல."

கராஜின் பின்னால் சாயம் போடுகிற சின்ன அறை ஒன்று உண்டு. நைரி இரண்டு பேரையும் அதற்குள் தள்ளினாள். "நாய் வாயைப் பிடிச்சுக்கோ. நான் கூப்பிடாம வெளிய வராத." போலீசுக்குப் போன் செய்தாள். அவர்கள் அரை மணி தூரத்திலிருக்கிற பால்கிளத்தாவிலிருந்து வர வேண்டும். கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னார்களாம். கராஜ் கதவுக்குப் பூட்டே கிடையாது. துண்டை எடுத்துத் தரையிலிருந்த ஈரக் காலடிகளைத் துடைத்தாள். பிறகு ராட்டையில் உட்கார்ந்தாள்.

"பலகைய எடு, ஐவி. வாரிக்கிட்டே இரு."

நூல் ஒரு இடத்தில் மெலிந்து அறுந்தது. ஒட்டவைத்துவிட்டு மறுபடி மிதித்தாள். அப்போதுதான் வாசல் சரளைக்கல்லில் வண்டி வந்து நின்றது.

டரில் உள்ளே வந்தான். கையில் ஒன்றும் இல்லை.

"காலைத் தொடச்சிட்டு வாடா. தரையெல்லாம் முடி" என்றாள் நைரி.

துடைத்தான். "ரோவினா இங்க வந்தாளா? சொல்லுங்க."

"இந்த மழையில யாரு வருவா? ஐவியவே கெஞ்சிக் கூப்பிட வேண்டியதாப் போச்சு."

அவன் மூக்கை உறிஞ்சினான். "ஈர நாய் நாத்தம் அடிக்குது."

நைரி சிரித்தாள். "என்னைக்குடா அடிக்கல? காலையில ஒரு மூட்டை அலசிப் போட்டிருக்கேன், பாரு." ஜன்னலோரச் சட்டத்தில் யாருடைய நாயின் பழுப்பு முடியோ சொட்டிக்கொண்டிருந்தது. அது நிஜம். வேறு எந்த வீட்டிலும் தரையில் கிடக்கிற ஒரு வெள்ளை முடி காட்டிக்கொடுத்திருக்கும். இங்கே என் மடி, அவள் மடி, தேநீர்க் கோப்பை வரைக்கும் முடி.

அவன் தலையை ஆட்டினான். திரும்பப் போகிறான் என்று நினைத்தேன். அப்போதுதான் அவன் கண் தலையணை உறையில் விழுந்தது.

"இது எங்க வீட்டு உறை."

"ஆமா. உங்க நாயோட முடிதான். குளிர்காலத்துல குடுத்தா. தொப்பி பின்னணுமாம்."

"என்கிட்ட சொல்லவே இல்லயே."

"நாய் முடிக்கெல்லாமா புருஷன்கிட்ட உத்தரவு வாங்குவாங்க?"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவன் முகம் மாறிவிட்டது. "வேற என்னெல்லாம் கொண்டுவந்து குடுத்திருக்கா? ரெண்டு பேரும் உக்காந்து என்ன பேசிக்கிறீங்க?" உறையை உதறினான். அடுத்த மூட்டையைக் கவிழ்த்தான். அதற்கடுத்ததையும். கருப்பும் செம்பட்டையும் வெள்ளையுமாக முடி பறந்தது. "சொல்லு நைரி. எங்க அவ?"

'சொல்லுங்க' போய்விட்டிருந்தது.

உள்ளேயிருந்து நாய் முனகியது. சின்னச் சத்தம்தான். நான் பலகைகளை வேகமாக உரசினேன். அதற்குள் அவன் கேட்டுவிட்டான்.

நைரி அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. சாய அறைக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். அந்தக் கதவு எங்கள் பக்கமாகத்தான் திறக்கும்.

"தள்ளிப் போ."

"மாட்டேன்."

"உள்ள இருக்கறது என் பொண்டாட்டி."

"இது என் கதவு."

கையைப் பிடித்து இழுத்து வீசினான். பெஞ்சின் விளிம்பில் அவள் மணிக்கட்டு மோதியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் மறுபடி கதவுக்குப் போவதற்குள் நைரி தவழ்ந்து போய் அதன் அடியில் உட்கார்ந்துவிட்டாள். முதுகு கதவில், இரண்டு காலும் பெஞ்சின் காலில்.

"உட்காரு, டரில்" என்றாள். அதே பஸ் குரல்.

அவன் உட்காரவில்லை. ராட்டையை உதைத்தான். சக்கரம் பிளந்து உருண்டது. இன்னொரு உதை நைரியின் விலாவில் விழுந்தது. அவள் நகரவில்லை. நான் எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "போலீசுக்குச் சொல்லியாச்சு! அவன் வர்றதுக்கு முன்னாடியே சொல்லியாச்சு!" என்று யாரிடமோ சொல்வதுபோல் கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். நைரியைப் பார்த்தான். வெளியே போனான்.

வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு: துப்பாக்கி.

"மூட்டைய இழு" என்றாள் நைரி. ஆள் உயரக் கம்பளி மூட்டைகள் சுவரோரம் இருந்தன. தனியாக ஒன்றைக்கூட நான் அசைத்தது கிடையாது. அன்றைக்கு இழுத்தேன். ஒன்றை வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன் மேல் இன்னொன்றைச் சாய்த்து, அதன் பின்னால் குந்தினேன். வெளியே மழைச் சத்தம் மட்டும். வண்டி கிளம்பவும் இல்லை, காலடி வரவும் இல்லை. அந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கடைசியில் இன்ஜின் உறுமியது. சரளைக்கல் தெறிக்க வண்டி போனது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ் அவனை மறித்தார்கள். துப்பாக்கி சீட்டுக்கடியில் இருந்தது, தோட்டா போட்டபடி.

ரோவினாவை வெளியே கூட்டிவந்தபோது அவள் கை ரத்தமாக இருந்தது. நாயின் வாயைப் பொத்தியவள், அது பயத்தில் கடித்தும் கையை எடுக்கவில்லை. நைரி உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு நாயைத்தான் முதலில் தடவினாள்.

கோர்ட்டில் அவன் வக்கீல் நைரியிடம் கேட்டார்: "யாரும் வரவில்லை என்று நீங்கள் பொய்தானே சொன்னீர்கள்?"

"பொய்தான். அவன் திரும்பி வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

டரில் சிறைக்குப் போனான். ஊரில் சிலர் அடுத்தவர் வீட்டுச் சண்டையில் நைரி மூக்கை நுழைத்தாள் என்றார்கள். பேக்கரியில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் முகத்தைத் திருப்பாமல் மட்டன் வைத்துச் சுட்ட ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். ரோவினா பாவோடு வடக்கே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சிதறிக் கிடந்த முடியில் வெள்ளையை மட்டும் பொறுக்கியெடுத்து, நீலத்தோடு வாரி, என் ராட்டையில் நானே நூற்றேன். நைரி கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "நூலா இது? நாயைக் கட்டுற கயிறு மாதிரி இருக்கு" என்றாள். அதைத்தான் அனுப்பினோம். ரோவினா தொப்பி பின்னிப் போட்டுக்கொண்டு போன் செய்தாள். அரிக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

நைரியின் மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. முடியை இழுத்து விடுகிற அந்தக் கை இப்போது பாதிதான் திரும்பும். புது ராட்டை வாங்கி, இரண்டு கைகளின் வேலையையும் மாற்றிப் பழகினாள். ஒரு குளிர்காலம் முழுக்க நூல் அறுந்தது, அவள் திட்டினாள், மறுபடி ஒட்டினாள். இப்போது அவள் நூலில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலில் ஏதாவது வண்டி மெதுவாக வந்தால் மிதிகட்டையில் அவள் கால் நின்றுவிடும். நான் வாருவதை நிறுத்தமாட்டேன். வண்டி தாண்டிப் போன பிறகு, மறுபடி மிதிப்பாள்.