ஃபெஸ்டி வெட்டாத ஐந்து வருடம்

"'கடைசி அஞ்சு வருஷத்துக்குள்ள சதுப்புல எரிக்கிற மண்கட்டி வெட்டினீங்களா?'ன்னு கேட்டிருக்காங்க, மாமா" என்று அரசாங்கப் படிவத்தைப் படித்துச் சொன்னாள் ஃபினோலா.

"இல்லைன்னு போடு. பெரிய எழுத்துல போடு" என்றார் ஃபெஸ்டி, தேநீரை ஊற்றியபடி.

"இல்லைன்னா, தடை போட்ட இடத்துக்குப் பதிலா வேற சதுப்புல வெட்ட இடம் கிடையாதாம். வெட்டிக்கிட்டிருந்தவங்களுக்குத்தானே நஷ்டம், அதனால அவங்களுக்கு மட்டும்தானாம்."

"வெட்டக் கூடாதுன்னு கடுதாசி போட்டது யாரு?"

"அவங்கதான்."

"வெட்டியிருந்தாத்தான் தருவேன்னு சொல்றது?"

"அதுவும் அவங்கதான். கையெழுத்துகூட அதே ஆள்தான்."

ஃபெஸ்டி யோசித்தார். "நீ இங்கிலீஷைப் படிச்சுட்டே. பின்பக்கம் ஐரிஷ்ல இருக்கும், பாரு."

"பார்த்துட்டேன். அதுலயும் இதேதான். கொஞ்சம் மரியாதையா இருக்கு, அவ்வளவுதான்."

அயர்லாந்தின் மேற்கே, கானமாராவின் அந்த ஊரில் சட்டத்தைக் கடைப்பிடித்த ஒரே மனிதர் ஃபெஸ்டி. அவருடைய நாய் மார்ச் மாதம் செத்தது. நாய் வளர்க்கும் உரிமம் டிசம்பர் வரை இருந்ததால், அது செத்த விவரத்தை எழுதித் தெரிவித்தவர் அவர். அரிய பாசியைக் காக்க இனி யாரும் சதுப்பில் கைவைக்கக் கூடாது என்று கடிதம் வந்த மறுநாளே, மண்கட்டியைச் சதுரமாக வெட்ட ஓரத்தில் சிறகுபோலத் தகடு வைத்த மண்வெட்டியைத் துடைத்து எண்ணெய் போட்டு உத்தரத்தில் ஏற்றிவிட்டார். அவருடைய அடுப்புக்கும் வெந்நீருக்கும் வேறு எரிபொருள் கிடையாது. பாசியைக் காப்பதற்காகக் கடல்தாண்டிக் கப்பலில் வந்த, வேறெங்கோ வெட்டிய மண்கட்டி மூட்டைகளைக் கடையில் வாங்கி எரித்தார். அது புகைந்தது. எரிந்தது என்று யாரும் சொல்லவில்லை.

ஊர் வழக்கம்போல வெட்டியது. அதிகாரியின் வெள்ளை வண்டி நாற்சந்தியில் திரும்பும்போதே செய்தி வந்துவிடும். வண்டி வந்து நிற்கையில் சதுப்பு முழுக்க உடல்நலத்துக்காக உலாவுகிறவர்கள் மட்டுமே இருப்பார்கள். பக்கத்து வீட்டு மத்தியாஸுக்கு மட்டும் கால் வலி, ஓட மாட்டான். அவனை மூன்று முறை படம் பிடித்தார்கள்.

வெட்டுவது ஒருவன் வேலையல்ல. வெட்ட ஒருவர், கட்டியை ஏந்த ஒருவர், பரப்ப ஒருவர் வேண்டும். ஃபெஸ்டி விலகியதும் அவரை யாரும் அழைக்கவில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எல்லாரும் வெட்டும்போது ஒருவன் மட்டும் வெட்டாமலிருந்தால், ஆபீசுக்குச் சொல்லிக்கொடுப்பது அவனாகத்தானே இருக்க வேண்டும்? காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் அந்த ஊரில் ஏழு தலைமுறைக்கு ஒட்டும். மதுக்கடையில் அவர் நுழைந்தால், "எல்லாரும் வானிலையைப் பத்திப் பேசுங்கப்பா" என்பான் மத்தியாஸ்.

இப்போது அதே மத்தியாஸ், ஆபீஸ் எடுத்த மூன்று படங்களையும் சான்றாக இணைத்துப் படிவத்தை அனுப்பிவிட்டான். நல்ல மனிதன், வந்து யோசனையும் சொன்னான்.

"என்கூட நீயும் வெட்டினேன்னு எழுதிடு. நான் சாட்சி சொல்றேன்."

"பொய் எழுத மாட்டேன்."

"அப்போ குளிர்ல விறைச்சுச் சாவு. உண்மையானவன்னு கல்லறையில எழுதிப் போட்டுடறோம்."

படிவத்துக்குக் கடைசி நாள் மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. வியாழன் காலை ஃபினோலாவின் வாசலில் ஃபெஸ்டி வந்து நின்றார். தேவாலயத்துக்குப் போடும் கோட்டு, தோளில் மண்வெட்டி.

"கடைசி அஞ்சு வருஷம்னா, இன்னைக்கும் அதுல சேர்த்திதானே?"

ஃபினோலா படிவத்தை மறுபடி பார்த்தாள். இரண்டு மொழியிலும் பார்த்தாள். "சேர்த்திதான், மாமா."

"அப்போ நான் போய் வெட்டறேன். நீ ஆபீசுக்குப் போன் போட்டு என்னைக் காட்டிக்கொடு" என்றார் ஃபெஸ்டி. "நல்ல இங்கிலீஷ்ல சொல்லு. கேமராவோட வரச் சொல்லு. வெள்ளை வண்டியப் பார்த்தா நான் ஓட மாட்டேன்னும் சொல்லிடும்மா."