ஒரு பல்கூட இல்லாதவர் தேவை!

பல் மருத்துவம் படிப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான கவலை உண்டு. இறுதியாண்டு செய்முறைத் தேர்வில் பல்செட்டுக்கு அச்சு எடுத்துக் காட்ட, ஒரு பல்கூட இல்லாத ஒருவரை நாமேதான் தேடி அழைத்து வர வேண்டும். ஆள் வராவிட்டால் தேர்வு போயிற்று!

எனக்குக் கிடைத்தவர் நாமகிரிப்பேட்டை விவசாயி ஒருவர். பரிசோதனைக்காகச் சேலத்திலுள்ள எங்கள் கல்லூரிக்கு மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி, பையோடு வெளியே உட்கார்ந்திருந்தார்.

தேர்வன்று காலை எட்டரைக்கு அந்த விவசாயியிடமிருந்து போன். "கொப்பரைல மஞ்சள் வெந்துக்கிட்டு இருக்குதுங்க சாமி, உட்டுட்டு வர முடியாதுங்க. ஊட்டுக்காரியப் பஸ் ஏத்தி உட்டிருக்கறேன்."

"அவங்க வந்து என்னங்க பண்றது?" என்று கத்தியே விட்டேன். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

பத்து மணிக்குத் தேர்வு. ஒன்பதே முக்காலுக்கு அந்த அம்மா ஓட்டமும் நடையுமாக வந்து, தலைப்பை விலக்கி வாயைத் திறந்தார். ஒரு பல்கூட இல்லை! அவரைக் கட்டிக்கொண்டு குதிக்கலாம் போலிருந்தது.

"ஏனுங்கம்மா, இத்தனை நாளா சொல்லவே இல்லீங்களே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே சாமி."

தேறிவிட்டேன். இருவருக்கும் பல்செட் செய்தேன், அம்மாவுக்குத்தான் முதலில்!

இப்போது பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். நோயாளியைப் பார்த்து முடித்ததும், வெளியே பையோடு காத்திருப்பவரையும் உள்ளே கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்கிறேன். "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் நம்புவதில்லை.

- வாசகி, ஓமலூர்