வறட்டிச் சாம்பலில் ஒரு கியர்பெட்டி

என் அண்ணன் ரகுபதிக்கு வாய் கிடையாது. அவருக்கு வரவேண்டியதையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார்கள் போல. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் நாற்பத்தொரு வருஷம் வெல்டராக இருந்தார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "நேரம் அமையல" என்பார். பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி!

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டை விட்டுவிட்டு அண்ணனோடு இருக்கலாம் என்று வந்தேன். செலிட்டார் பக்கம் அப்பா அந்தக் காலத்தில் வாங்கிப்போட்ட தரைவீடு. பெட்டி படுக்கையோடு போய் இறங்கினால், கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வெல்டிங் மெஷின், ஒரு கிரைண்டர், நடுவில் துருப்பிடித்த டிராக்டர். உழவு டிராக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். பங்களாத் தோட்டங்களில் உட்கார்ந்தபடி ஓட்டிப் புல் வெட்டுவார்களே, அந்தக் குட்டி வண்டி. அறுபதுகளில் அமெரிக்காவில் செய்தது. ஏதோ ஒரு கிளப்பின் கொட்டகையில் முப்பது வருஷம் கிடந்து பழைய இரும்புக்கு வந்ததை இவர் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"எங்கண்ணே ஓட்டப்போறீங்க இத?" என்று கேட்டேன். எங்கள் வீட்டுப் புல்தரை இரண்டு பாய் விரித்தால் தீர்ந்துபோகும்.

"ஓட்டலாம்" என்றார். அவ்வளவுதான் பதில்.

ஆறு வருஷம் அந்த வண்டியோடு குடித்தனம் நடத்தினார். சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகரம் ஓட்டை ஓட்டையாக அரித்துப்போயிருந்தது. புதுத் தகரம் வெட்டி, தண்ணீர்க் குழாயின் மேல் வைத்து வளைத்து, மணல் மூட்டையில் போட்டுத் தட்டித் தட்டி அதே வளைவைக் கொண்டுவந்தார். கடையில் வாங்கினால் என்ன என்றதற்கு, வண்டியைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை என்றார். சீட்டைத் தாங்கும் பட்டை, ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி, பெட்ரோல் டாங்கின் மூடி, எல்லாம் அந்த வாசலில் அவர் கையால் செய்ததுதான். ஒரு நாள் என் இட்லிப் பானையில் மண்ணெண்ணெய் ஊற்றித் துருப்பிடித்த போல்ட்டுகளை ஊறப்போட்டிருந்தார். அன்று நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு உம்மு சல்மா வேலியருகே ஓடிவந்துவிட்டாள். இந்த மனிதர் மறுநாள் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் புதுப் பானை வாங்கிவந்து அடுப்பில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் காப்பி கேட்டார்.

எஞ்சின் ஓடிவிட்டது. பெயின்ட் அடித்தாகிவிட்டது. பின்பக்கக் கியர்பெட்டி ஒன்றுதான் பாக்கி. யாரோ எப்போதோ வண்டியை லாரியிலிருந்து கீழே போட்டதில் அந்த வார்ப்பிரும்புப் பெட்டியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதை வெல்டிங் வைத்து ஒட்டாமல் எண்ணெய் நிற்காது, வண்டி நகராது. பொறுமையாகச் செய்யலாம் என்று கடைசிக்கு வைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் காப்பிக் கோப்பை அவர் கையில் தட்டோடு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது.

பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை போட்டால் காலையில் இரண்டு மணி நேரம் கை அடங்கும். மாசத்துக்கு மாசம் அந்த நேரமும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு மணி நேரம் ஒன்றரையானது, பிறகு ஒன்றானது. அவர் காலையில் எழுந்து, பழைய வார்ப்பிரும்புத் துண்டுகளை வைத்து ஒட்டிப் பழகிக்கொண்டிருந்தார். பாதி நாள் கோணல்மாணலாக வரும். அப்படியே மெஷினை அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்.

"வேற யாருகிட்டயாவது குடுத்து ஒட்டிரலாமேண்ணே. உங்க கூட்டாளி ஹனீபா இல்ல?"

"ஹனீபா நல்லாத்தான் ஒட்டுவான்." தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "கடைசியா ஒண்ணு நான் ஒட்டினதுன்னு இருக்கணும் சுதா. அத நானே ஏறி ஓட்டணும். ஒரு சுத்து போதும். அப்புறம் இந்தக் கை எப்படிப் போனாலும் போகட்டும்."

என் அண்ணன் பேசி நான் கேட்டதில் அதுதான் நீளமான பேச்சு. கிராஞ்சியில் ஹனீபாவின் சொந்தக்காரர் ஒருவர் செடி நர்சரி வைத்திருந்தார். அங்கே ஒரு பெரிய புல்வெளி உண்டு. எப்போது வேண்டுமானாலும் வந்து ஓட்டலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

வார்ப்பிரும்பு சரியான ரோஷக்காரி. சாதாரண இரும்பு மாதிரி நினைத்த நேரத்தில் ஒட்ட முடியாது. முதலில் பெட்டி முழுவதையும் நன்றாகச் சூடேற்ற வேண்டும். சூட்டோடு ஒட்ட வேண்டும். ஒட்டியதும் சாம்பலுக்குள் புதைத்து ஒன்றரை நாள், இரண்டு நாள் மெதுவாக ஆறவிட வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே பிளந்துகொள்ளும். பிளந்ததைத் திரும்ப ஒட்டலாம்தான், ஆனால் அதற்குத் திரும்ப ஒரு நல்ல கை வேண்டும். இதையெல்லாம் அவர் எனக்கு விளக்கவில்லை. ஹனீபாதான் சொன்னார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

நின்று நிதானமாகக் கனல வறட்டிதான் சரி என்று அண்ணன் முடிவு செய்தார். சிராங்கூன் ரோட்டில் பூஜைச் சாமான் கடையில் இருந்த வறட்டி பாக்கெட்டுகளை ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டார். "என்னண்ணே, வீட்ல பெரிய ஹோமமா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "ஆமா" என்று தலையாட்டிவிட்டு வந்தாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவரும் சிரித்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

செவ்வாய்க்கிழமை காலை ஹனீபா வந்தார். பெரிய எண்ணெய் டிரம்மைப் பாதியாக வெட்டி, கரியும் வறட்டியும் போட்டுப் பெட்டியைச் சூடேற்றினார்கள். அண்ணன் மாத்திரை போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து முகமூடியை மாட்டினார். விரற்கடை நீளம் ஒட்டுவார், சுத்தியால் மெல்லத் தட்டுவார், மறுபடி விரற்கடை நீளம். நான் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு, முருகா முருகா என்று சொன்னபடி இருந்தேன். முடித்ததும் ஹனீபா குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணாந்தரம்டா ரகு! கப்பல்ல ஒட்டின மாதிரியே இருக்குலா" என்றார். அண்ணன் முகமூடியைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை. அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததே இல்லை.

டிரம்முக்குள் சுற்றிலும் கனலும் வறட்டி, மேலே ஒரு சாக்குச் சாம்பல்; இன்னொரு சாக்கு ஓரமாக மிச்சம் இருந்தது. மூடி போட்டார். "தொடாத. வியாழக்கெழம நான்தான் தெறப்பேன்" என்றார்.

புதன்கிழமை காலை உடற்பயிற்சிச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். பதினொரு மணி இருக்கும். உம்மு சல்மா வேலியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். அவள் அம்மாவுக்கு நெஞ்சு வியாதி, படுத்த படுக்கை.

"சுதாக்கா, பொக தாங்க முடியலக்கா. அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. ஜன்னல் எல்லாம் மூடிட்டேன், அப்பவும் வருது. எதாச்சும் பண்ணுங்களேன், ப்ளீஸ்க்கா."

அவள் அழுதுகொண்டிருந்தாள். காற்று திரும்பி, புகை மொத்தமும் அவர்கள் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அண்ணனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஹனீபாவுக்கு அடித்தேன், அவரும் எடுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கிழவி இருமுகிற சத்தம் கேட்டது. நான் என்ன செய்யட்டும்? புகைகிற அடுப்பில் தண்ணீர் தெளிப்பதுதான் கை அறிந்த வேலை. மூடியைத் தூக்கி, ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்தேன். புகை அடங்கவில்லை. வாளியோடு எடுத்துவந்து ஊற்றினேன்.

புஸ்ஸென்று ஆவி எழும்பியது. அது அடங்குவதற்குள் டிரம்முக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம். சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணி விட்டால் கேட்குமே, அந்தச் சத்தம்.

ஐயோ! ஹனீபா இரண்டு தடவை சொன்னாரே!

அதன் பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேலே சேறாகக் கிடந்த சாம்பலை அள்ளிக் குப்பைப் பையில் கட்டினேன். மீதிச் சாக்கில் இருந்த காய்ந்த சாம்பலைப் போட்டு நிரவினேன். அடிச்சூட்டில் கீழே இருந்த ஈரமும் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. மூடியை அவர் வைத்தது போலவே வைத்தேன். ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணன் வந்து மூடியைப் பார்த்தார், திருப்தியோடு உள்ளே போனார்.

வியாழக்கிழமை பெட்டியை எடுத்துத் துடைத்தார்கள். ஹனீபா உள்பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றினார். அண்ணன் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளைச் சாக்குக்கட்டியைத் தேய்த்தார். விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து அந்த வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மயிரிழையாக ஒரு கோடு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு பழைய விரிசலைவிடப் பெரிதாகியது.

"எப்படிடா?" என்றார் ஹனீபா. "நல்லாத்தானே ஒட்டின?"

அண்ணன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "மூணாவது தடவ ஒட்டுறப்ப கை ஒதறுச்சு" என்றார். "எனக்குத் தெரிஞ்சுது. சரியாயிரும்னு நெனச்சேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வாய் என்று ஊரே சொல்லுமே, அந்த வாய் எங்கே போயிற்று? இன்று சாயங்காலம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஹனீபா தானே ஒட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். மறு வாரம் பழைய இரும்பு லாரி வந்தது. ஆறு வருஷத்து வண்டியை, அவர் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்ததை, சங்கிலி போட்டுத் தூக்கிப் போட்டார்கள். வெல்டிங் மெஷினையும் கொடுத்துவிட்டார். அவர் வெளியே வரவே இல்லை. நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஹனீபா போன் செய்தார். அண்ணனின் கையால் போனைப் பிடிக்க முடியாததால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துப் பேசினார்கள். பூன் லேயில் பழைய பட்டறைக் கூட்டாளிகள் சாப்பாட்டுக்குக் கூடுகிறார்கள், வா என்றார் ஹனீபா.

"நான் எதுக்கு? அது வெல்டருங்க கூடுற எடம்" என்றார் அண்ணன். கோபமே இல்லாமல், இன்றைக்கு வெயில் என்று சொல்வது போலச் சொன்னார்.

போனை வைத்ததும் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். புகை, சல்மாவின் அழுகை, செம்பு, வாளி, அந்தச் சத்தம், சாம்பலை மாற்றியது. "உங்க கை ஒண்ணும் பண்ணலண்ணே. நீங்க நல்லாத்தான் ஒட்டியிருந்தீங்க. பாவி நான்தான் கெடுத்தேன். என்னைய அடிங்க, திட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் வந்தது சிரிப்பு.

"சாம்பல் காஞ்சு பொடிப்பொடியா இருந்துச்சே சுதா. என் கையாலதான அள்ளினேன்."

"நான் மாத்திட்டேன்னு சொல்றேனே!"

"சரி."

"அப்பன் முருகன் மேல சத்தியம். சல்மாவைக் கூப்பிடுறேன், அவகிட்டயே கேளுங்க."

"அவளையும் சேத்துக்கிட்டியா? பாவம், அந்தப் புள்ளைக்கு எதுக்கு வேல?" எழுந்து நின்றார். என் தலைமேல் கையை வைத்தார். அந்தக் கை என் உச்சந்தலையில் தடதடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. "என் மனசு ஆறணும்னு இவ்வளவு யோசிச்சிருக்கியே, அதுவே போதும். விடு."

நான் கத்தினேன். அது நிஜம், நிஜம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் மெல்ல உள்ளே போய், எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு மாத்திரையைக் கொண்டுவந்து தந்தார்.