கொண்டைக்கடலை அரக்கர்கள்

போன ஞாயிறு மத்தியானம் என் கணவர் ஓர் அரக்கனைத் தின்றுவிட்டார். அதுவும் உயிரோடு!

பதறாதீர்கள். அரக்கன் என்பது ஒரு கொண்டைக்கடலை. நடந்த இடம், மலேசியாவில், ஈப்போவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஜமால் நடத்தும் சாப்பாட்டுக் கடையின் மாடி.

ஜமாலுக்கு ஒரு பைத்தியம் உண்டு – மேசையில் உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. அவர் கதை சொல்வார். நானும் பக்கத்து வீட்டுப் புஷ்பாவும் அந்தக் கதைக்குள் வீரர்கள். எதிரில் அரக்கன் வந்தால் வெட்டுவதா, ஓடுவதா என்று நாங்கள் சொல்வோம். வெட்டு விழுந்ததா என்று இருபது முகப் பகடை சொல்லும். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் என்கிறீர்களா? எங்கள் மேசையில் வயது குறைந்தவரே ஜமால்தான். அவருக்கே பேரன் இருக்கிறான்!

என் கணவரை இதில் இழுத்துவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. மனுஷன் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவர். பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு இனி பஸ் வேண்டாம் என்றுவிட்டார்கள். உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. "வெளியே போங்க, வாங்க" என்று டாக்டரே சொல்கிறார். இவர் நகர்ந்தால்தானே? நாற்காலி, டிவி, மறுபடி நாற்காலி... கேட் வரைகூடத் தனியாகப் போவதில்லை. கேட்டால், "போயி என்னா செய்றது?" என்பார். இப்படியே உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

கையைப் பிடித்து இழுக்காத குறையாகத்தான் மாடிக்குக் கூட்டிப் போனேன். ஆரம்பமே சொதப்பல். ஒவ்வொரு அரக்கனுக்கும் உயிர்ப்புள்ளி முப்பது, நாற்பது; அத்தனையும் தீர்ந்தால்தான் சாவான். இவர் வெட்டுவார் – நாலு குறையும். ஜமால் கால்குலேட்டரைத் தட்டுவார். இவர் மறுபடி வெட்டுவார் – தவறும். ஒரு சண்டை முடிவதற்குள் தே தாரிக் டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

"இனிமே நீ மட்டும் போ. ஒன்னுகூட சாவ மாட்டேங்குது" என்றார்.

ஜமாலிடம் புலம்பினேன். "கவலய விடுங்கக்கா. அடிப்பொடிங்கள எறக்கிருவோம் லா" என்றார்.

அடிப்பொடி என்றால், பெரிய அரக்கனின் பின்னால் வரும் நோஞ்சான் கூட்டம். ஆளுக்கு ஒரே ஓர் உயிர்ப்புள்ளி. வெட்டு பட்டதா, ஆள் காலி. கணக்கே வேண்டாம்! ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி இவரை அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டிப் போனேன். ஊருக்குள்ளேயே இருக்கும் புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே – கடலையும் முறுக்கும் கலந்த நொறுக்குத் தீனி – பொட்டலத்தை மேசையில் கொட்டினார் ஜமால். கடலைகள் அடிப்பொடிகள். நடுவில் நிற்கும் முறுக்கு அவர்களின் ராஜா. கொன்றவர் தின்னலாம்.

இவர் பகடையை உருட்டினார். பட்டது. கடலை வாய்க்குள் போனது. அடுத்ததும் பட்டது. சிரித்தார் பாருங்கள்... எத்தனை மாதமாயிற்று அந்தப் பல்லைப் பார்த்து!

திடீரென்று கை நின்றது.

"ஜமாலு, எனக்குன்னு நோஞ்சானா பாத்து எறக்குனியா? சீக்காளின்னு பாவம் பாக்குறியா?"

போச்சுடா! எழுந்து போய்விடுவாரோ?

ஜமால் அசரவில்லை. "பாவமா? இருங்கண்ணே, இப்ப அவனுங்க அடிக்கிற நேரம்."

அடிப்பொடி கொடுப்பது சின்ன அடிதான். கூடாது, குறையாது, பட்டால் நாலு புள்ளி. ஆனால் அத்தனை கடலைகளும் சூழ்ந்துகொண்டு மொத்தினால்? இவருடைய வீரன் குப்புற விழுந்தான்.

நான் கதையில் மந்திரவாதி. கட்டின புருஷனை அடித்தால் சும்மா இருப்பேனா? நெருப்புக் குண்டை வீசினேன். குறி தப்பியது. தப்பினாலும் ராஜாவுக்குப் பாதிச் சேதம் உண்டாம் – முறுக்கில் ஓர் ஓரம் உடைந்தது. கடலைகள்? ஒன்றுகூடச் சாகவில்லை.

"நேரா பட்டாத்தான் சாவானுங்க அக்கா. ஒரசிட்டுப் போனா ஒன்னும் ஆவாது. அதான் ரூல்."

"ஒன்னுமே ஆவாதா?" என்றார் இவர். அவர் கை சட்டைக்கு மேலேயே நெஞ்சுத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு கடலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஒரே அடியில போயிருவோம்னு தெரிஞ்சும் முன்னுக்கு வர்றானுங்களே... ஜமாலு, அடுத்த வாரம் நான் இவனுங்க பக்கம்."

அந்த அடுத்த வாரம்தான் போன ஞாயிறு. "ஒரே வரிசையில நிக்காதீங்கடா, டோல்ல ஜாம் ஆன மாதிரி! ரெண்டு பக்கமும் அடைங்க!" என்று கடலைகளுக்குக் கட்டளை வேறு. நானும் புஷ்பாவும் செமத்தியாக வாங்கினோம். அந்த மும்முரத்தில்தான் தன் சிப்பாய் ஒருவனையே மென்றுவிட்டார். "அலாமாக்!" என்று அவர் தலையில் கை வைக்க, நாங்கள் சிரித்த சிரிப்பு கீழே கடை வரை கேட்டிருக்கும்.

யோசித்துப் பார்த்தேன். நம்மில் எத்தனை பேருக்கு நாற்பது உயிர்ப்புள்ளி இருக்கிறது? முக்கால்வாசிப் பேர் கடலைகள்தானே! அதிலும் உரசிப் போனதையெல்லாம் பட்டதாக எண்ணிக்கொண்டு அல்லவா முடங்கிக் கிடக்கிறோம்?

நேற்றுக் காலை அடுப்படியில் இருந்தேன். வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் – ஹெல்மெட்டோடு இவர். தனியாக!

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"புந்தோங்குக்கு. கடலை வாங்கிட்டு வாரேன். படைக்கு ஆளு பத்தல."

கேட்டைச் சாத்தாமலே போய்விட்டார். இதற்கெல்லாம் திட்டித் தீர்க்கிற ஆள்தான் நான்... நேற்று மட்டும் அது திறந்தே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.