நாலு டேப்லெட்டில் எழுதிய பழுது

என் தங்கை வீட்டுக்காரருக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பது என்றால் தவம். நாற்காலி வாங்கப் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டார். அதுவரை அந்த வீட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் தரையில்தான் உட்கார்ந்தோம். பெற்ற மகளுக்குப் பெயர் வைக்க ஏழு மாதம். கேட்டால், "அவசரப்பட்டு முடிவெடுக்கற ஆளு நான் இல்ல மச்சான்" என்பார். அவர் அவசரப்பட்டதும் கிடையாது, முடிவெடுத்ததும் கிடையாது. அதற்கு எங்கள் குடும்பத்தில் நிதானம் என்று பெயர்.

இந்த நிதானசாலிதான் லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசர். என்னைவிட நான்கு வயது சின்னவர். ஆனால் தங்கையைக் கட்டியவர் ஆயிற்றே, 'மாப்பிள்ளை' என்றும் 'வாங்க போங்க' என்றும்தான் பேச வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மெக்கானிக் கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும், அதனால் நாங்கள் எதையும் எழுதுவதில்லை. பழுதை வாயால் சொல்வோம், சூப்பர்வைசர் தன் நோட்டில் குறித்துக்கொள்வார். அதைப் பார்த்துத்தான் உதிரி பாகம் கேட்டு ஸ்டோருக்குச் சீட்டு போகும், அதைப் பார்த்துத்தான் லிஃப்டை நிறுத்துவதும். அவர் குறிக்காவிட்டால் நான் சொல்லவே இல்லை என்று அர்த்தம். என் பதினாறு வருடச் சோறு அவர் நோட்டில்தான் இருந்தது.

ஒருநாள் அவருக்கு ஞானோதயம் வந்தது. இனிமேல் நோட்டு கிடையாது, டேப்லெட்டில் பேனாவால் எழுதப்போகிறாராம். அவர் கையெழுத்து கோழிக் கிறுக்கல். அதை எதில் கிறுக்கினால் என்ன? பாதி எழுதிய நோட்டை மகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டார். "ரெண்டு இடத்துல எழுதினா அப்புறம் தேட முடியாது மச்சான். வாங்கினதும் எல்லாத்தையும் ஒரே இடத்துல ஏத்திடலாம்." அதுவரை என்ன செய்வதாம்? "எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். அங்கே என்ன இருந்தது என்று எனக்குத்தானே தெரியும்!

இரண்டு மாதம் ஓடியது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறு, ஒரு கையில் டேப்லெட் பற்றிய வீடியோ. ஒன்றில் பேனா நுனிக்கும் விழுகிற கோட்டுக்கும் நடுவில் நூலளவு இடைவெளியாம். இன்னொன்றில் உள்ளங்கை பட்டால் கோடு இழுத்துவிடுமாம். வேறொன்று எல்லாவற்றிலும் சரி, ஆனால் வெயிலில் தெரியாதாம். நாங்கள் வேலை செய்வது லிஃப்ட் குழிக்குள். அங்கே எந்த வெயில் வரப்போகிறது?

ஒரு வியாழக்கிழமை, நாங்கள் பராமரிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் பிளாக் லிஃப்டைத் திறந்து பார்த்தேன். லிஃப்டைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் லைனிங் தேய்ந்து தகடாகியிருந்தது. மாப்பிள்ளைக்குப் போனில் சொன்னால், "டேப்லெட் கடையில இருக்கேன், இங்க வாங்க, நேர்ல பேசலாம்" என்றார். போனேன். மேஜையில் வரிசையாக நான்கு டேப்லெட். பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சும்மா அ, ஆ-ன்னு எழுதினா ஒண்ணும் தெரியாது. வேலையில எழுதற மாதிரியே எழுதிப் பாக்கணும். சொல்லுங்க மச்சான், என்ன பழுது?"

"மூணாம் பிளாக்ல பிரேக் லைனிங் போச்சு மாப்பிள்ளை. உடனே லிஃப்ட நிறுத்தி மாத்தணும்."

எழுதினார். சிவப்பில் அடிக்கோடு போட்டார், தேதி போட்டார், வட்டம் போட்டார். "நுனி வழுக்குது" என்று கீழே வைத்துவிட்டு அடுத்ததில் அதையே எழுதினார். இப்படி நான்கிலும். வாழ்நாளில் ஒரு பழுதை அவர் அவ்வளவு அழகாகக் குறித்ததே இல்லை. பிறகு "யோசிச்சு சொல்றேம்மா" என்று வெளியே வந்தார். நாங்கள் கதவைத் தாண்டுவதற்குள் அந்தப் பெண் நான்கையும் துடைத்து அழித்துவிட்டாள்.

மறுநாள் ஸ்டோரில் கேட்டால் சீட்டு வரவில்லை என்றார்கள். மாப்பிள்ளையைக் கேட்டேன். "அதான் எழுதியாச்சே மச்சான், வந்துடும்" என்றார். நான்கு தடவை எழுதியவருக்கு ஒரு தடவையாவது மண்டையில் ஏறியிருக்கும் என்று நம்பிய மடையன் நான்.

திங்கட்கிழமை லிஃப்ட் நழுவி அரை மாடி கீழே போய் நின்றது. துணி துவைக்கும் மெஷின் ஏற்றிக்கொண்டு வந்த ஆளுக்குக் கணுக்கால் முறிந்தது.

விசாரணையில் மேனேஜர் என்னைக் கேட்டார்: "தேய்ஞ்சத பாத்திருக்கீங்க. ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார். இவர் எழுதினாரு. என் கண்ணு முன்னாடி நாலு தடவ எழுதினாரு."

"எங்க எழுதினாரு?"

"கடையில இருந்த டேப்லெட்ல சார்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "இவர் உங்ககிட்ட சொன்னாரா, இல்லையா?" என்றார். நான் மாப்பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'சொன்னார்' என்று ஒரு வார்த்தை போதும். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் யோசிக்காமல் பதில் சொன்னார்.

"என் குறிப்புல அப்படி எதுவும் இல்ல சார்."

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவர் மேல கோவப்படாதீங்க. அவர் பொய் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.  போனை வைத்துவிட்டேன்.

விசாரணை அறிக்கை இரண்டு முடிவு சொன்னது. மெக்கானிக்கை வேலையை விட்டு எடுக்க வேண்டும். குறிப்புகள் தவறாமல் இருக்க சூப்பர்வைசர்கள் எல்லாருக்கும் டேப்லெட் கொடுக்க வேண்டும். எதை வாங்கலாம் என்று தெரிந்தவர் ஆபீஸிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். இந்தத் தடவை பத்தே நாளில் வாங்கிவிட்டார்.

வேலைநீக்க உத்தரவில் கையெழுத்து வாங்க என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். காகிதம் இல்லை, டேப்லெட். மாப்பிள்ளைதான் பேனாவை நீட்டினார். கண்ணைப் பார்க்கவில்லை. கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிய கையால் வாங்கி, பெயரை முழுதாக எழுதினேன்.

"எப்படி இருக்கு மச்சான்? வழுக்கலையே?" என்றார் மெதுவாக.

"நல்லா எழுதுது மாப்பிள்ளை" என்றேன். "என் பேரு மட்டும் உடனே பதிஞ்சிடுச்சு."