கொஞ்சம் வலி

எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் தினமும் நாலைந்து பேர் உயிரை விட்டார்கள். காபி இரண்டு நிமிஷம் தாமதமானால் அப்பாவுக்கு மண்டை சுக்குநூறாக வெடிக்கும். ஒரு தும்மலுக்கு அக்கா, "மூளையே மூக்கு வழியா வந்துடுத்து" என்பாள். அம்மா ரேஷன் கடை வரிசையில் ஒரு யுகம் நின்று, கால் இரண்டும் கழன்று விழுந்து, அதே கால்களால் நடந்து வீடு திரும்புவாள். எனக்கு இருபத்திரண்டு வயது. இங்கிலீஷ் நாவல்கள் படித்துக் கெட்டிருந்தேன். உள்ளதை உள்ளபடி சொல்லத் துப்பில்லாத ஜனங்கள் என்று ஊரையே அடியோடு வெறுத்தேன்.

ஒருநாள் காலை வலது அடிவயிற்றில் வலி வந்தது. உவமை எதுவும் தேடாமல் மந்தைவெளி டாக்டரிடம் நடந்தேன். வாசலில் கம்பவுண்டர்.

"இன்னா சார் உடம்புக்கு?"

"அடிவயித்துல கொஞ்சம் வலி."

"கொஞ்சம்தானே? குந்து சார்."

சத்தத்துக்கேற்ற வரிசை என்பது அவர் ஏற்பாடு. "உசுரு போவுது" என்ற ஜலதோஷம் உள்ளே போனது. "கண்ணே அவிஞ்சு பூட்ச்சு" என்ற கண்கட்டி போனது. தான் செத்துவிட்டதாக அறிவித்த ஒரு சுளுக்கு, வெற்றிலை மென்றபடி போனது. நான் இரண்டு மணி நேரம் நாகரிகமாக மடங்கி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் விரலில் கட்டுப் போட வந்த ரிக்‌ஷாக்காரர். "இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துக்கினு கீது?"

"ஒண்ணுமில்லே. வலி சித்த ஜாஸ்தியாயிருக்கு."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் எழுந்து கதவைத் தட்டினார். "டாக்டரே! இங்க ஒரு ஆளு பூட்டாரு!"

"இன்னும் இல்லே" என்று திருத்தினேன்.

"சும்மா கெட நைனா. பொணம் பேசாது."

டாக்டர் ஓடிவந்து வயிற்றை அழுத்தினார். நான் போட்ட கூச்சலில் தெருவில் ஒரு மாடு மிரண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். குடல்வால், வெடிக்கிற நிலையில். உடனே அறுக்க வேண்டும்.

"ஏன்யா இவரை உட்கார வெச்சே?"

கம்பவுண்டர் நொந்துபோனார். "கொஞ்சம் வலின்னாரு டாக்டர். கொஞ்சம் வலிக்கு எவன் இங்க வரான்?"

ரிக்‌ஷாக்காரரே என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். லஸ் முனையில் ஒரே நெரிசல். "ஒதுங்கு, ஒதுங்கு! பொணம் போவுது!" என்று அவர் கத்த, பஸ்கூட வழிவிட்டது. நடைபாதையில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, பிணத்துக்குரிய ஒழுங்கோடு சாய்ந்திருந்தேன்.